கேள்வி – பதில்: மேடையில் டபிள் பேஸ்

கோயில் பாடகர் குழுக்களிலும் கலியாண இசைக்குழுக்களிலும் டபிள் பேஸ் (நின்றபடி வாசிக்கிற பெரிய வயலின் வகை வாத்தியம்) வாசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: எங்கள் பாடகர் குழுவின் டபிள் பேஸுக்கு, தந்திகளைத் தாங்குகிற குதிரையில் செருகுகிற பீசோ பிக்கப் (அதிர்வை மின் சைகையாக்குகிற கருவி) ஒன்று பூட்டினோம். அதை மிக்சரில் நேரே குத்தினால் தகரத்தில் தட்டுகிற மாதிரிக் கேட்கிறது. சவுண்ட்காரர் பேஸ் திருகியை முழுக்கத் திருப்பியும் அடித்தொனி வரவில்லை. பிக்கப் பழுதா? (குருநகர்)

ப: பிக்கப் பெரும்பாலும் நல்லாகத்தான் இருக்கும். குத்திய இடம்தான் பிழை. பீசோ என்பது அதிர்வில் அழுத்தப்படும்போது மின்னழுத்தம் தருகிற சிறு வில்லை. அது தரும் மின்னோட்டம் மிக அற்பம். மிக்சரின் லைன் உள்ளீட்டின் மின்தடை சாதாரணமாக 10 முதல் 20 கிலோ ஓம் வரை இருக்கும். பீசோவுக்கு அது தாங்க முடியாத சுமை. அந்தச் சுமையும் பீசோவின் கொள்ளளவும் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) சேர்ந்து தாழ்ந்த சுரங்களை வெட்டுகிற வடிகட்டியாகி விடுகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பீசோவின் கொள்ளளவு 2 நானோ பரட் என்று வைத்தால், 10 கிலோ ஓம் உள்ளீட்டில் ஏறத்தாழ 8000 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். 1 மெகா ஓமில் அந்த எல்லை 80 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். 10 மெகா ஓமில் 8 ஹேர்ட்ஸ். உங்கள் வாத்தியத்தின் வெறுந்தந்திகளோ ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98 ஹேர்ட்ஸ். ஆகவே 1 மெகா ஓம் உள்ளீட்டிலும் ஈ தந்தியின் அடிச்சுரம் பாதிக்கும் கீழே குறைந்துதான் வரும். மிக்சரில் நேரே குத்தினால் மிஞ்சுவது விரல் தட்டுகிற சத்தமும் மேல்சுரங்களும்தான். அங்கே போய்ச் சேராத அடித்தொனியைப் பேஸ் திருகியால் கொண்டுவர முடியாது.

தேவைப்படுவது பீசோவுக்கென்று செய்த ஒரு பிரீஅம்ப் (மிக்சருக்கு முன்னால் வைக்கிற சிறு பெருக்கி). உள்ளீடு 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது; 10 இருந்தால் திருப்தி. மின்சாரம் தேவைப்படாத சாதாரண பாசிவ் டீஐ பெட்டியை (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கிற இடைப்பெட்டி) வாங்கி ஏமாற வேண்டாம். அதன் உள்ளீடு 150 கிலோ ஓம் அளவில்தான் வரும்; முதலில் இருந்த தகரச் சத்தம் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். மின்சாரத்தில் ஓடுகிற அக்டிவ் டீஐ என்றால் பெட்டியின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ உள்ளீட்டு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வாங்குமுன் சோதிக்க ஒரு வழி உண்டு: குழுவில் கிற்றார்காரரிடம் பஃபர் (சைகை சோராமல் தாங்குகிற சுற்று) உள்ள எஃபெக்ட் பெடல் இருந்தால், பிக்கப்பை அதற்குள் விட்டு அங்கிருந்து மிக்சருக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பெடல்களின் உள்ளீடு அனேகமாக 500 கிலோ ஓம் முதல் 1 மெகா ஓம் வரை இருக்கும். அடித்தொனி எட்டிப் பார்த்தால் நோய் இதுதான்.

பிக்கப்புக்கும் பிரீஅம்புக்கும் இடையிலான வயர் 3 மீற்றருக்கு மேல் வேண்டாம். வயரின் கொள்ளளவு பீசோவின் ஒலியைத் தணிக்கும்; தரையில் மிதிபடுகிற வயர் கரகரக்கவும் செய்யும். பிரீஅம்புக்குப் பிறகு எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) வயரில் எவ்வளவு தூரமும் போகலாம்.

இன்னொன்று: மிக்சரில் அந்தச் சனலின் லோ கட் (தாழ்ந்த ஒலியை வெட்டுகிற) பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பாடகர்களுக்காக அது 75 முதல் 100 ஹேர்ட்ஸில் வெட்டும்படி அமைத்திருப்பார்கள். எல்லாச் சனலிலும் வழக்கமாக அதை அழுத்திவிடுகிற சவுண்ட்காரர்கள் உண்டு. அது அழுந்தியிருந்தால் எவ்வளவு நல்ல பிரீஅம்பும் பிரயோசனப்படாது.

கே: மண்டபங்களில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே பேஸ் ஊளையிடத் தொடங்குகிறது. ஜி தந்தியில் ஏ சுரம் வாசித்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. வேறு அம்ப் வாங்க வேண்டுமா? (மானிப்பாய்)

ப: வாங்க வேண்டாம். டபிள் பேஸ் ஒரு பெரிய வெற்றுப் பெட்டி. ஸ்பீக்கரின் ஒலி அதன் மேற்பலகையை ஆட்ட, அந்த ஆட்டத்தைப் பிக்கப் மறுபடி அம்புக்கு அனுப்ப, வட்டம் பூட்டிக்கொள்கிறது. மேற்பலகையின் பெரிய அதிர்வு பல வாத்தியங்களில் 100 ஹேர்ட்ஸை அண்டியே இருக்கும். ஜி தந்தியின் ஏ 110 ஹேர்ட்ஸ். ஆகவே நீங்கள் சொல்கிற இடத்தில் ஊளை வருவது எதிர்பார்க்கக்கூடியது.

முதலில் நிற்கிற இடத்தை மாற்றுங்கள். 110 ஹேர்ட்ஸ் ஒலியலை ஏறத்தாழ 3 மீற்றர் நீளம். ஸ்பீக்கரிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி நின்றாலே அலை எதிர்நிலைக்கு மாறிவிடும்; அதே ஒலியளவில் ஊளை நிற்கக்கூடும். அம்ப் உங்கள் முதுகுக்கு நேரே இருந்தால் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். மரத்தால் அடித்த உள்வெற்று மேடையில் அம்பைத் தரையில் வைக்காமல் கதிரையிலோ ஸ்ராண்டிலோ ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மேடைப் பலகையே அதிர்ந்து, வாத்தியத்தைத் தரையில் தாங்குகிற அடிக்கம்பி வழியாக வாத்தியத்துக்குள் ஏறும்.

அடுத்தது பிரீஅம்பில் இருக்கிற ஃபேஸ் (அலையைத் தலைகீழாக்குகிற) பொத்தான். அதை அழுத்திப் பாருங்கள். சில இடத்தில் உதவும், சில இடத்தில் கெடுக்கும்; நின்ற இடம் மாறினால் மறுபடி பாருங்கள்.

இதற்குப் பிறகுதான் ஈகியூ (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற திருகிகள்). நிகழ்ச்சிக்கு முன், மண்டபம் வெறுமையாக இருக்கும்போதே செய்யுங்கள். தந்திகளில் கையை வைத்து மெல்ல அடக்கிக்கொண்டு ஒலியளவை ஆறுதலாகக் கூட்டுங்கள். முனகல் கேட்கத் தொடங்கியதும் நிறுத்தி, அந்த முனகலின் சுரத்தை வாயால் பிடித்து விரற்பலகையில் தேடுங்கள். ஜி என்றால் 98, ஜி ஷார்ப் 104, ஏ 110, பி ஃபிளற் 117, பி 123 ஹேர்ட்ஸ். நொட்ச் வடிகட்டியை (ஒடுங்கிய ஓரிடத்தை மட்டும் குறைப்பது) அந்த எண்ணில் வைத்து ஒடுக்கமாக 3 முதல் 6 டெசிபல் வரை மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் வெட்டினால் அந்தச் சுரமே மேடையில் செத்துப்போகும், பாட்டில் ஒரு ஓட்டை விழுந்தது போலாகும். ஹைபாஸ் வடிகட்டி (குறித்த எண்ணுக்குக் கீழே வெட்டுவது) இருந்தால் 40 ஹேர்ட்ஸில் தொடங்குங்கள். மண்டபம் முழங்குகிறது என்றால் 60 வரை ஏற்றலாம். தரையும் சுவரும் ரைல்ஸ் போட்டு, கூரை தாழ்ந்த மண்டபங்களில் இதற்குத் தயங்கவே வேண்டாம்.

வாத்தியத்தில் செய்யக்கூடியதும் இருக்கிறது. குதிரைக்கும் வால்பலகைக்கும் இடையில் தந்திகள் தாமே அதிரும். அதற்குள் துணி ஒன்றை ஊடு பாவாகப் பின்னிவிடுங்கள். இன்னும் அடங்காவிட்டால் மெத்தைப் பஞ்சை எஃப் துளைகளின் வடிவுக்கு வெட்டிச் செருகலாம். துளையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். இறுக்கமில்லாவிட்டால் உள்ளே விழும். எடுக்கிற பாடு பெரும்பாடு.

உங்களுடைய பேஸை உங்களுடைய மொனிற்றருக்குள் (மேடையில் உங்களைப் பார்த்து நிற்கிற ஸ்பீக்கர்) போட வேண்டாம் என்று சவுண்ட்காரரிடம் சொல்லிவிடுங்கள். மைக்கையும் சேர்த்துப் பாவிப்பவர்கள் மைக் சனலை 200 ஹேர்ட்ஸில் வெட்டி, அதற்குக் கீழே பிக்கப்பை மட்டும் நம்புவது நல்லது. மைக் மரத்தின் குரலைக் கொடுக்கும், அடித்தளத்தைப் பிக்கப் தாங்கும்.

கே: பேஸ் கிற்றார் அம்பையே டபிள் பேஸுக்கும் பாவிக்கலாமா? (சாவகச்சேரி)

ப: தாராளமாக. முன்னால் பிரீஅம்ப் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று போதும். உச்சத்தொனி ஹோர்னைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நகம் உரசுவதெல்லாம் கேட்கும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் 4 ஓம் ஆகும். அம்பில் குறித்திருக்கிற குறைந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம்.

கே: மாரியில் தந்திகள் உயர்ந்து விரல் கொப்பளிக்கிறது. சோளகக் காற்றுக் காலத்தில் அதே தந்திகள் தாழ்ந்து விரற்பலகையில் அடித்து இரைகின்றன. குதிரையை இரண்டு தரம் வெட்டிவிட்டோம். (பருத்தித்துறை)

ப: இனிமேல் வெட்ட வேண்டாம். மரம் ஈரத்தில் ஊதி மேற்பலகை வளைந்து எழும்; குதிரையும் அதோடு ஏறும். காய்ந்தால் இறங்கும். பருவத்துக்குப் பருவம் மாறுகிற ஒன்றுக்காகக் குதிரையை வெட்டினால் அடுத்த பருவத்தில் அது குட்டையாகிவிடும். குதிரையின் இரண்டு கால்களிலும் திருகுசில்லு (உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகி) பூட்டுவிப்பதே இதற்கு வழி. நல்ல வயலின் திருத்துநர் செய்வார்.

விரற்பலகை முடிகிற இடத்தில் தந்திக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். விரலால் வாசிப்பவருக்கு ஜி தந்தியின் கீழ் 5 முதல் 6 மில்லிமீற்றரும் ஈ தந்தியின் கீழ் 8 முதல் 9 மில்லிமீற்றரும் வசதியான அளவு. வில்லால் பலமாக வாசிப்பவர் ஒரு மில்லிமீற்றர் கூட்டலாம். சில்லின் புரி 6 மில்லிமீற்றர் ஆணி என்றால் ஒரு முழுச் சுற்றுக்குக் குதிரை 1 மில்லிமீற்றர் ஏறும். விரற்பலகை முனையில் அது ஏறக்குறைய 0.8 ஆகத் தெரியும்.

ஒவ்வொரு தந்தியையும் ஒரு சுரம், ஒன்றரைச் சுரம் தளர்த்துங்கள். சில்லை இரண்டு பக்கமும் ஒரே அளவு, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். மறுபடி சுருதி சேர்க்கும்போது தந்திகள் குதிரையின் தலையை விரற்பலகைப் பக்கம் இழுக்கும். வால்பலகைப் பக்கத்து முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். கவனிக்காமல் விட்ட குதிரை நாளடைவில் வளையும், ஒருநாள் படாரென்று விழும்.

நான்கு தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். உள்ளே நிற்கிற சவுண்ட்போஸ்ற் (மேற்பலகையைத் தாங்குகிற தூண்) ஒட்டப்பட்டதல்ல. அழுத்தத்தால் மட்டும் நிற்கிறது. அது விழுந்த சத்தம் கேட்டால் தந்திகளைத் தளர்த்தியபடியே வைத்துத் திருத்துநரிடம் கொண்டுபோங்கள். தூண் இல்லாமல் இழுத்துக் கட்டினால் மேற்பலகை வெடிக்கும்.

சோளகத்தில் வருகிற இரைச்சல் எல்லாம் தந்தியால் வருவதும் இல்லை. விரல் முட்டியால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தட்டல் தளர்ந்து சரசரத்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. அதற்குள் சூப்பர் குளூவோ வெள்ளைப் பசையோ விடாதீர்கள். வாத்தியத்தை ஒட்டியிருக்கிற பழைய வச்சிரம் (விலங்குப் பசை) சுடுநீரில் இளகும். அதனால்தான் ஒரு வாத்தியத்தைப் பலதரம் திறந்து மூட முடிகிறது. மற்றப் பசைகள் பிடித்த இடத்தை அடுத்த முறை திறக்கும்போது மரமே கிழியும். அதே காரணத்தால், வெயிலில் பூட்டிய வானுக்குள் வாத்தியத்தை விட்டுப் போகவும் கூடாது. வச்சிரம் அங்கேயும் இளகும்.

கே: பாடகர் 5 கட்டையில் பாடுகிறார். ஈ தந்தியில் ஸட்ஜம் பிடித்தால் சபையில் கேட்பதே இல்லை. (நல்லூர்)

ப: 5 கட்டை ஸ என்பது ஜி. ஈ தந்தியில் அது 49 ஹேர்ட்ஸ். சப் ஸ்பீக்கர் இல்லாத சவுண்ட் செற்றில் அது வெளியே வராது. மேல்ஸ்தாயி ஜி 98 ஹேர்ட்ஸ். அதை வெறுந்தந்தியில் எடுக்காமல் டி தந்தியில் விரல் வைத்து எடுங்கள். ஊளை குறையும், சுரத்தை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியும். 1 கட்டைக்கு ஏ தந்தியின் சி, 65 ஹேர்ட்ஸ். அது பெரும்பாலான பெட்டிகளில் கேட்கும்.

கே: திருவிழாக்களில் ஜெனரேற்றரில் ஓடும்போது ஓயாத இரைச்சல். எர்த் முள்ளைக் கழற்றினால் நிற்கும் என்கிறார்கள். (சுன்னாகம்)

ப: கழற்றவே கூடாது. ஈரத் தரையில் நின்று இரும்புத் தந்தியைப் பிடிக்கிற உங்கள் உயிர் அந்த முள்ளில் இருக்கிறது. டீஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ற் பொத்தான் (சைகை வயரின் தரையிணைப்பை மட்டும் துண்டிப்பது) இருக்கும், அதை அழுத்துங்கள். அம்பையும் மிக்சரையும் ஒரே பலகையிலிருந்து எடுங்கள். அலங்கார விளக்குகளுக்கு வேறு இணைப்பு வேண்டும். இன்னும் நிற்காவிட்டால் பிரீஅம்பை 9 வோல்ற் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போது நின்றால் குற்றம் அடப்ரரில். ஈகியூவால் வெட்டப் பார்க்காதீர்கள்: 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஈ தந்தியின் ஜிக்குப் பக்கத்திலும், 100 ஹேர்ட்ஸ் ஜி வெறுந்தந்திக்குப் பக்கத்திலும் நிற்கிறது. வெட்டினால் இரண்டும் சேர்ந்து போகும்.

கே: குறிகட்டுவானிலிருந்து படகில் நெடுந்தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன செய்வது? (வேலணை)

ப: அடிக்கம்பியை உள்ளே தள்ளி இறுக்குங்கள். குதிரையின் இரண்டு பக்கமும் துவாய் வைத்து உறையை மூடி, மேலே தடித்த பொலித்தீன் சுற்றுங்கள். படகில் மேற்பலகை கீழே பார்க்கும்படி கிடத்த வேண்டாம். விலாப்புறத்தில் கிடத்தி, கழுத்துக்குக் கீழே ஏதாவது மெத்தென்று கொடுங்கள். வில்லின் மயிரைத் தளர்த்தி வையுங்கள். இறங்கியதும் பொலித்தீனை உடனே கழற்றுங்கள். உள்ளே வியர்த்தால் நனைந்ததற்குச் சமம். உப்புக் காற்றுப் பட்ட தந்திகளை உலர்ந்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாக அழுத்தித் துடையுங்கள். முறுக்காணிப் பற்களையும், பிக்கப் ஜக்கின் முனையையும் துடைக்க மறக்க வேண்டாம். அரை மணித்தியாலம் நிழலில் நிற்கவிட்டு, பிறகு சுருதி சேருங்கள்.