ரங்காராவ் யாருடைய நடிகர்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடமும் பேசுவோம். கிருஷ்ணகிரி கூட்டத்தில் நீங்கள் எஸ்.வி.ரங்காராவைத் தமிழின் பெரிய நடிகர்களில் ஒருவர் என்றீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் என் நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தெலுங்கு நடிகர், இங்கே வந்து பணக்கார அப்பா வேடம் கட்டிவிட்டுப் போனவர், தமிழ் உச்சரிப்பும் சுத்தமில்லை என்கிறார்கள். எங்கள் வீட்டுத் தமிழையும் இப்படித்தான் சொல்வார்கள் என்பதால் கொஞ்சம் வலித்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ம., தேன்கனிக்கோட்டை

அன்புள்ள ம.,

1955இல் விஜயா நிறுவனம் ஒரே கதையைத் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ என்றும் தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ என்றும் எடுத்தது. அங்கே என்.டி.ராமாராவ் செய்ததை இங்கே ஜெமினி கணேசன் செய்தார். நாகேஸ்வர ராவின் வேடம் தங்கவேலுவுக்கு வந்தது. சாவித்திரியும் ரங்காராவும் இரண்டிலும் இருந்தார்கள். 1957இல் ‘மாயாபஜார்’ வந்தபோதும் இப்படித்தான், தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள். அபிமன்யு ஆள் மாறினான், கடோத்கஜனாக வந்த ரங்காராவ் மாறவில்லை. எந்த மொழிக்காரர் என்று கேட்கும் உங்கள் நண்பர்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

‘மிஸ்ஸியம்மா’வில் அவர் ஜமீன்தார். வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லி வந்த இருவரை அப்படியே நம்புகிறவர். படத்தின் சிரிப்பெல்லாம் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அவரை அசடாகக் காட்டியிருந்தால் ஒரு நிமிடச் சிரிப்போடு போயிருக்கும். பெரிய மனிதர் ஒருவர் மனசார நம்புகிறார் என்று நமக்குத் தோன்றுவதால்தான் அந்தப் பொய் கனக்கிறது. அப்போது அவருக்கு 36 வயது. நான்கு வருடம் முன்னால், 1951இல், ‘பாதாள பைரவி’யில் மிரட்டிய நேபாள மாந்திரீகனும் இவரேதான்.

‘படிக்காத மேதை’யைத் தனியாகச் சொல்லவேண்டும். 1960, பீம்சிங் இயக்கம். சிவாஜிக்கும் அவருக்கும் நிஜத்தில் பத்து வயதுதான் வித்தியாசம், திரையில் பார்த்தால் ஒரு தலைமுறை தெரியும். ரங்காராவ் வளர்த்த பிள்ளையான ரங்கன் (சிவாஜி) வீட்டைவிட்டுப் போனபின் பாரதியின் கண்ணன் பாட்டு வருகிறது. குரல் சீர்காழி கோவிந்தராஜனுடையது. அந்தப் பாட்டு முழுவதையும் தாங்குவது ரங்காராவின் முகம். அழுது தீர்த்துவிட்டால் நமக்குச் சுலபமாக இருக்கும், அவர் அதைத் தருவதில்லை. வளர்த்த பிள்ளையை அனுப்பிவிட்ட ஒரு கௌரவமான மனிதன் வீட்டுக்குள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருப்பதை அந்தக் கண்களில் பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பட்டு அங்கியை மாட்டி மாடிப்படியில் நிற்கவைத்த படங்களும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாட வரமாட்டேன்.

உச்சரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அவர் பிறந்தது ஆந்திராவில் அன்றைய கிருஷ்ணா மாவட்டத்து நூஜிவீடு. அவர் தமிழில் தெலுங்கின் சாயல் உண்டுதான். ஆனால் வசனத்தை அவர் கையாளும் விதத்தைக் கேளுங்கள். பாதியில் நிறுத்துவார், ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே விட்டுவிடுவார், திடீரென்று குரலை இறக்கி ரகசியம் போலப் பேசுவார். நாடக மேடையின் அடுக்குமொழி கொடிகட்டிப் பறந்த காலத்தில் அப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும். தவிர, ராயக்கோட்டையிலும் கெலமங்கலத்திலும் வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் பெரியவர்கள் எத்தனை பேர்! நம் ஊர்க்காரர் காதுக்கு அவர் நடித்த பெரியவர் நிஜமான பெரியவராகவே கேட்பார். அந்தத் தமிழும் தமிழ்தான். உங்கள் வீட்டுத் தமிழும்தான், ம. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் விடியவிடியக் கூத்துப் பார்த்தவர்கள் நாம். கீசகன் திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன்னை அறிவித்து, ஆர்ப்பாட்டமாகச் சபைக்கு வருவதைப் பார்த்த கண்ணோடு 1963இன் தெலுங்குப் படம் ‘நர்த்தனசாலா’வில் ரங்காராவின் கீசகனைப் பாருங்கள். அந்த ராட்சசத் திமிரைச் சுருக்கி ஒரு பார்வைக்குள், மெல்ல எடுத்து வைக்கும் அடிக்குள் கொண்டுவந்திருப்பார். ஜகார்த்தா திரைப்பட விழாவில் அந்தக் கீசகனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

அவர் 1974இல் போனபோது வயது 56. அவர் நடித்த தாத்தாக்கள் பலருக்கு அதைவிட வயது அதிகம்.

உங்கள் நண்பர்களோடு உட்கார்ந்து ‘மாயாபஜா’ரைப் பாருங்கள். கல்யாணச் சாப்பாட்டுப் பாட்டு எல்லோருக்கும் தெரியும், அதற்காகச் சொல்லவில்லை. கடோத்கஜன் வத்சலாவாக உருமாறி வரும் காட்சிகளைக் கவனியுங்கள். அங்கே நடிப்பது சாவித்திரி. நடப்பதும், தொடையைத் தட்டாத குறையாக நிமிர்வதும், கண்ணை உருட்டுவதும் ரங்காராவ். அவ்வளவு பெரிய நடிகை அவரை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து வைத்திருந்தார் என்பது அதில் தெரியும். தமிழ், தெலுங்கு இரண்டையும் பாருங்கள், உங்களுக்கு இரண்டுமே புரியுமே.