ஜப்பான் அமெரிக்காவின் நட்பு நாடுதானே? ஒக்கினாவா மக்கள் மட்டும் ஏன் அமெரிக்கத் தளங்களை இவ்வளவு எதிர்க்கிறார்கள்?

முதலில் நிலக்கணக்கு. ஜப்பானின் நிலப்பரப்பில், தெற்கே இருக்கும் தீவு மாகாணமான ஒக்கினாவா வெறும் 0.6 விழுக்காடு. ஆனால் அமெரிக்கப் படைக்கென்றே ஜப்பான் ஒதுக்கியிருக்கும் நிலத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு அங்கேதான் இருக்கிறது. டோக்கியோவில் வசிக்கும் பலருக்கு அமெரிக்க ராணுவம் என்பது செய்தியில் வரும் ஒரு பெயர். ஒக்கினாவாவின் கினோவான் நகரத்தில் வசிப்பவருக்கோ அது வீட்டுக் கூரைக்கு மேலே தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்.

இந்த நிலம் பேரம் பேசி வாங்கியதல்ல. 1945-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே அங்கே நடந்த போரில் ஒக்கினாவா மக்களில் நாலில் ஒருவர் மாண்டார். மிஞ்சியவர்கள் முகாம்களில் அடைபட்டிருந்தபோதே அவர்களுடைய வயல்களிலும் ஊர்களிலும் ஓடுதளங்கள் எழுந்தன. போரில் தோற்று அந்நியப் படைகளின் பிடியில் இருந்த ஜப்பான் 1952-இல் விடுதலை பெற்றது. ஒக்கினாவா மட்டும் 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. 1950-களில் மேலும் நிலம் பறிக்கப்பட்டதை "துப்பாக்கிமுனைக் கத்தியும் புல்டோசரும்" என்றே அங்கே சொல்வார்கள். அதே பத்தாண்டில்தான் கிஃபு, யமனாஷி போன்ற ஜப்பானியப் பெருநிலப் பகுதிகளிலிருந்த மரைன் (அமெரிக்கக் கடல்சார் தரைப்படை) படைப்பிரிவுகள் ஒக்கினாவாவுக்கு மாற்றப்பட்டன. அதனால்தான் ஒக்கினாவா மக்களின் கோபத்தில் பெரும் பங்கு டோக்கியோவிலுள்ள ஜப்பான் அரசின் மீதும் இருக்கிறது. இதை விட்டுவிட்டு "அமெரிக்க எதிர்ப்பு" என்று மட்டும் எழுதுவது தவறு.

அடுத்தது, மிக முக்கியமானது: ஜப்பானிலுள்ள அமெரிக்கப் படையினருக்கு எந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று இரு நாடுகளும் 1960-இல் கையெழுத்திட்ட படையினர் சட்டநிலை ஒப்பந்தம். அதன் வாசகங்கள் இன்றுவரை ஒருமுறைகூடத் திருத்தப்படவில்லை. 17-ஆம் பிரிவின்படி, பணி நேரத்தில் நடந்த குற்றத்தை விசாரிக்கும் முதல் உரிமை அமெரிக்காவுக்கு. பணிக்கு வெளியே நடந்தால் ஜப்பானுக்கு. ஆனால் சந்தேக நபர் தளத்துக்குள் அமெரிக்கர் கையில் இருந்தால், வழக்குத் தொடுக்கப்படும் வரை அவரை ஒப்படைக்க வேண்டியதில்லை. சிக்கல் எங்கே என்று புரிகிறதா? வழக்குத் தொடுக்க விசாரணை வேண்டும். விசாரிக்க வேண்டிய ஆளோ வேலிக்கு அந்தப் பக்கம்.

1995 செப்டம்பரில் 12 வயதுச் சிறுமியை மூன்று அமெரிக்கப் படையினர் கடத்திச் சென்று வன்கொடுமை செய்தபோது இதுதான் நடந்தது. அவர்களை உடனே ஒப்படைக்கவில்லை. அக்டோபர் 21 அன்று ஏறத்தாழ 85,000 பேர் கினோவானில் திரண்டார்கள். அதன்பின், கொலை, வன்புணர்வு வழக்குகளில் முன்கூட்டியே ஒப்படைப்பதைப் பற்றி "பரிவுடன் பரிசீலிக்கிறோம்" என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது. பரிசீலனைதான், கடமை அல்ல.

2004 ஆகஸ்ட் 13 அன்று மரைன் ஹெலிகாப்டர் ஒன்று ஒக்கினாவா சர்வதேசப் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்தது. விழுந்தது ஜப்பானிய மண். ஆனாலும் அமெரிக்கப் படையினர் இடத்தைச் சுற்றி வளைத்து, ஜப்பானியக் காவல்துறையைக்கூட உள்ளே விடவில்லை. அமெரிக்க ராணுவச் சொத்தை அவர்கள் சம்மதமின்றிச் சோதிக்க முடியாது என்பதே காரணம். தன் ஊரில் தன் போலீசுக்கே அதிகாரமில்லை என்பதைக் கண்ணால் பார்த்த மக்களுக்கு, அமெரிக்க வல்லமை என்றால் விமானந்தாங்கிக் கப்பல் நினைவுக்கு வராது. அந்தக் கயிற்றுத் தடுப்புதான் நினைவுக்கு வரும்.

இரைச்சலிலும் இதே கதி. அமெரிக்க விமானங்கள் இரவு 10 முதல் காலை 6 வரை பறப்பதற்கு 1996-இல் கட்டுப்பாடு வந்தது; "பணிக்குத் தேவையானால்" என்ற விலக்கும் கூடவே வந்தது. மக்கள் நீதிமன்றம் போனால் இழப்பீடு கிடைக்கிறது, தடை கிடைப்பதில்லை. அமெரிக்க விமானங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஜப்பான் அரசுக்கு இல்லை என்பதே தீர்ப்புகளின் சாரம்.

ஃபுதென்மா விமானத்தளம் கினோவான் நகரின் நட்டநடுவே, சுமார் 476 ஹெக்டேரில் இருக்கிறது. 2017 டிசம்பரில் ஹெலிகாப்டரிலிருந்து 7 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஜன்னல் கழன்று, பக்கத்திலிருந்த தொடக்கப் பள்ளியின் மைதானத்தில் விழுந்தது. பிள்ளைகள் அப்போது அங்கே உடற்பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். இந்தத் தளத்தை 5 முதல் 7 ஆண்டுகளில் திருப்பித் தருவதாக 1996-இல் இரு அரசுகளும் அறிவித்தன. நிபந்தனை: ஒக்கினாவாவுக்குள்ளேயே மாற்று இடம். தேர்ந்தெடுத்தது ஹெனோகோ கடற்கரை. அங்கே கடலடி மண் இளகலாக இருக்கிறது, சில இடங்களில் கடல்மட்டத்திலிருந்து 90 மீட்டர் ஆழம் வரை. அதை இறுக்க ஏறக்குறைய 71,000 மணல் தூண்கள் இறக்க வேண்டும் என்பது திட்டம். 2019 வாக்கெடுப்பில் 52 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள், அவர்களில் சுமார் 72 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். மாகாண ஆளுநரும் அனுமதி மறுத்தார் (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் ஆளுநர் போல நியமனம் அல்ல). 2023 டிசம்பரில் மத்திய அரசு அவருக்குப் பதிலாகத் தானே ஒப்புதல் கொடுத்துவிட்டது.

அப்படி மறுத்த ஆளுநர் டெனி தமாகியின் தந்தை ஓர் அமெரிக்க மரைன். கோயா பாகற்காய் வறுவலில் அமெரிக்கர் வழியாக வந்த டப்பா இறைச்சியைச் சேர்ப்பதும், டாக்கோ மசாலா இறைச்சியைச் சோற்றின் மேல் பரப்பிய டாக்கோ ரைஸும் அங்கே அன்றாடச் சாப்பாடு. இதோமான் நகரில் 1995-இல் திறந்த நினைவுக் கற்களில், அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்களின் பெயர்களையும் ஒக்கினாவா மக்களின் பெயர்களோடு சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். வெறுப்பு என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது.

"தளம் போனால் சோறு போய்விடும்" என்று பலர் எழுதுகிறார்கள். 1972-இல் மாகாண வருமானத்தில் தளங்களின் பங்கு சுமார் 15 விழுக்காடு. இப்போது 5 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. மாகாணத் தலைநகர் நாஹாவில் 1987-இல் முழுதும் திரும்பக் கிடைத்த ராணுவக் குடியிருப்பு நிலத்தில் இன்று கடைவீதியும் அருங்காட்சியகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. அந்த நிலத்தால் முன்பு ஆண்டுக்கு 520 கோடி யென் வந்ததாகவும், இப்போது 16,340 கோடி யென் வருவதாகவும் மாகாண அரசின் கணக்கு சொல்கிறது. கினோவான்காரர்கள் ஃபுதென்மா வேலியைப் பார்க்கும்போது மனதில் ஓடுவது இந்தக் கணக்கும்தான்.