பாங்காக் ஹனிமூன்: ரூம் போடறதுக்கு முன்னாடி மேப்ப திறங்க

கேள்வி: வணக்கம் அண்ணா, எனக்கு தை கடைசில கல்யாணம், அடுத்த வாரமே பாங்காக் போறோம், நாலு நைட். ரெண்டு பேருமே இதுவரைக்கும் வெளிநாடு போனதில்ல, அவங்க சுத்த சைவம். சென்னைல இருந்து நடுராத்திரி ஃப்ளைட், விடிகாலை ஆறு மணிக்கு இறங்கிடுவோம். ஒரு நைட்டுக்கு ஏழாயிரம் ரூபா வரைக்கும் போகலாம். ஆப்ப திறந்தா எல்லா ஹோட்டலும் எட்டரை ரேட்டிங், எல்லாத்துலயும் அதே பூல் போட்டோ, தல சுத்துது. பிரதுநாம்ல ஒரு ஃபோர் ஸ்டார் சல்லிசா வருது, நானா ஸ்டேஷன் கிட்ட ரூஃப்டாப் பூலோட ஒண்ணு இருக்கு. எத போடட்டும்?

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி. ஹோட்டல் மோசம்னு சொல்லல, ரெண்டும் நல்ல ஹோட்டலாவே இருக்கலாம், இடம் தான் உங்களுக்கு ஒத்து வராது. பிரதுநாம்ங்கறது துணி மார்க்கெட், பகல் முழுக்க மூட்டையும் வண்டியும் கூட்டமும் தான். நம்ம ஊர் குரூப் டூர் ஆளுங்க நெறைய பேர் அங்க தான் தங்குவாங்க, இந்தியன் சாப்பாடு கிடைக்கும், ஷாப்பிங் பக்கம், ரேட்டும் கம்மி. குடும்பமா போய் பை பையா துணி வாங்கிட்டு வரணும்னா நானே அங்க தான் போட்டுக் கொடுப்பேன், ஆனா கல்யாணம் ஆன அடுத்த வாரம் யாராவது ரங்கநாதன் தெருவுல ரூம் போடுவாங்களா? நானா வேற மாதிரி. சுகும்வித் ரோட்டுல நாலாவது சந்துல நானா பிளாசான்னு மூணு மாடிக்கு பாரா இருக்கும், அந்த சந்தே ராத்திரில அதுக்காக தான் முழிச்சிருக்கும். ஆபத்தான ஏரியான்னு சொல்ல மாட்டேன், ஆனா நைட் பத்து மணிக்கு ரெண்டு பேரும் சாப்ட்டு நடந்து வரும்போது ரெண்டு பக்கமும் பார் வாசல்ல நின்னு கூப்பிட்டா உங்களுக்கும் சங்கடம் அவங்களுக்கும் சங்கடம். அசோக் ஸ்டேஷன் பக்கத்துல சோய் கவ்பாய், சீலோம்ல பட்பாங், இதுங்களும் அதே ரகம். இந்த மூணு இடத்தையும் மேப்ல குறிச்சு வெச்சுக்குங்க, ஒதுங்கி இருந்தா போதும். இன்னொரு அடையாளமும் சொல்றேன், ஹோட்டல் ரூல்ஸ்லயோ ரிவ்யூலயோ ‘ஜாய்னர் ஃபீ’ன்னு ஒரு வார்த்த வந்தா, அதாவது வெளில இருந்து ஆள் கூட்டிட்டு வந்தா தனி சார்ஜ்னு, அந்த ஹோட்டலுக்கு எந்த மாதிரி கஸ்டமர் வர்றாங்கன்னு புரிஞ்சுக்கலாம், அடுத்தத பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பாங்காக்ல ஸ்டார், ரேட்டிங் எல்லாம் ரெண்டாவது தான், மொதல்ல ஸ்டேஷன். அந்த ஊர் டிராஃபிக் அப்படி, சாயங்காலம் மூணு கிலோமீட்டர் போக முக்கா மணி நேரம் ஆனாலும் ஆச்சரியம் இல்ல. ஊர காப்பாத்தறது மேல ஓடற பிடிஎஸ் ஸ்கைட்ரெயின், 1999ல வந்தது, அப்புறம் 2004ல வந்த எம்ஆர்டி மெட்ரோ, அப்புறம் ஆத்துல ஓடற போட். இந்த மூணுல ஏதாவது ஒண்ணுக்கு நடந்து போற தூரத்துல ஹோட்டல் இல்லன்னா நாலு நாள்ல பாதி கார்லயே போயிடும். ஆப்ல ‘ஸ்டேஷன்ல இருந்து 400 மீட்டர்’னு போட்டிருந்தா நம்பிடாதீங்க, நெறைய நேரம் அது காக்கா பறக்கற தூரம். அங்க மெயின் ரோட்டுல இருந்து சோய் சோயா சந்து பிரியும், நெறைய சந்து அந்தப் பக்கம் போய் முட்டி நிக்கும், நடுவுல கால்வாய் வரும். அதனால கூகுள் மேப்ல ஹோட்டல் பேர போட்டு ஸ்டேஷன் வாசல்ல இருந்து நடந்து போற வழிய எடுங்க, பத்து நிமிஷத்த தாண்டுச்சுன்னா விட்டுடுங்க. அப்படியே ஸ்ட்ரீட் வியூல அந்த சந்துக்குள்ள ஒரு நட போய்ட்டு வாங்க. பிளாட்ஃபாரம் இருக்கா, பக்கத்து காலி மனைல பில்டிங் எழுப்பறாங்களான்னு தெரியும். இது எல்லாம் பாக்க அஞ்சு நிமிஷம் தான் ஆகும், ஆனா யாரும் பாக்க மாட்டாங்க, பூல் போட்டோவ மட்டும் பாப்பாங்க.

எந்த ஸ்டேஷன்னு கேட்டா, சயாம், சிட் லோம் பக்கம் நடு ஊரு, எல்லா மாலும் அங்க தான், ஆனா உங்க பட்ஜெட்டுக்கு சுமாரான ரூம் தான் வரும். பிரோம் போங், தோங் லோ பக்கம் அமைதியா டீசண்டா இருக்கும், ஜப்பான்காரங்க நெறைய பேர் குடியிருக்கற ஏரியா, கஃபே, ஹோட்டல் சாப்பாடு எல்லாம் நல்லாருக்கும், ஆனா கோயில், அரண்மனை, ஆறு எல்லாம் ஊரோட அந்தக் கடைசி. காவோ சான் ரோடு பேக்பேக்கர் பசங்களுக்கு, ரயிலும் கிடையாது தூக்கமும் கிடையாது.

உங்க ரெண்டு பேருக்கும் நான் சொல்றது சீலோம் சாத்தோர்ன் பக்கம், பிடிஎஸ் சீலோம் லைன்ல சோங் நோன்சி, செயிண்ட் லூயிஸ், சுரசாக், சபான் தக்சின்னு வரிசையா நாலு ஸ்டேஷன் வரும், அதுக்குள்ள எங்க கிடைச்சாலும் சரி. பகல்ல ஆபீஸ் ஏரியா, அதனால ஹோட்டலுங்க பிசினஸ் ஆளுங்கள நம்பி கட்டினது, ரூம் சுத்தமா இருக்கும், தேவையில்லாத கூத்து இருக்காது. சபான் தக்சின்ல இறங்கினா கீழயே சாத்தோர்ன் படகுத்துறை, அங்க இருந்து போட்ல வாட் அருண், வாட் போ, கிராண்ட் பேலஸ், 2018ல திறந்த ஐகான்சயாம் மால் எல்லாத்துக்கும் டிராஃபிக் இல்லாம போய்டலாம். ஹனிமூனுக்கு பாங்காக்ல ஆறு தான் அழகு, மாலு சென்னைலயும் இருக்கு. அதுக்கும் மேல சைவம்னு சொன்னீங்கள்ல, சீலோம் ரோடும் பான் ரோடும் சேர்ற முனைல ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கு, 1870கள் கடைசில தமிழருங்க கட்டினது, கோபுரம் எல்லாம் அப்படியே நம்ம ஊர் தான், உள்ள பாத்தா தாய்லாந்து பொண்ணுங்க தான் நம்மள விட பக்தியா மாலை வெச்சு கும்பிட்டுட்டு இருப்பாங்க. அந்த சுத்து வட்டாரத்துல இட்லி தோசை கிடைக்கும். இது சின்ன விஷயம் இல்ல தம்பி, தாய் சாப்பாட்டுல பாக்க காய்கறி மட்டும் தான் தெரியும் ஆனா மீன் சாஸ், இறால் விழுது இல்லாத ஐட்டம் கம்மி, ரெண்டாவது நாளே அவங்க பழமும் பிரெட்டுமா சாப்பிட ஆரம்பிச்சா டூர் மூடே போயிடும். ஹோட்டல் பிரேக்ஃபாஸ்ட நம்பி சைவக்காரங்க காசு சேத்து கட்ட வேணாம்னு தான் சொல்லுவேன், அங்க பாதிக்கு மேல முட்டையும் சாசேஜும் தான்.

ஏரியா முடிவாச்சுன்னா அடுத்து ரூம். இத கொஞ்சம் வெளிப்படையா சொல்றேன், யாரும் சொல்ல மாட்டாங்க. பாங்காக்ல நெறைய ஹோட்டல்ல, ஃபோர் ஸ்டார் ஃபைவ் ஸ்டார் உட்பட, பெட்ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல சுவரே இருக்காது, கண்ணாடி தான். சிலதுல பிளைண்ட் இருக்கும், சிலதுல அதுவும் இல்ல. டிசைனர் அத ரொமான்ஸ்னு நெனச்சு வெச்சிருப்பாரு போல, ஆனா வீட்ல பாத்து முடிச்ச கல்யாணம், அஞ்சாறு மாசம் போன்ல பேசினதோட சரி, அப்படி இருக்கற ஜோடிக்கு அது ரொமான்ஸ் கிடையாது, டென்ஷன். ஒருத்தர் பாத்ரூம் போக இன்னொருத்தர் லாபில போய் உக்காரணும். அதனால கஸ்டமருங்க எடுத்துப் போட்ட போட்டோவுல பாத்ரூம் இருக்கறத தேடிப் பாருங்க, கண்ணாடின்னா பிளைண்ட் எந்தப் பக்கம், டாய்லெட்டுக்கு தனி கதவு இருக்கா, பாத்துட்டு போடுங்க. கழுவற ஹேண்ட் ஸ்ப்ரே பத்தி கவலைப்படாதீங்க, தாய்லாந்துல அது சாதாரணமா எல்லா இடத்துலயும் இருக்கும்.

பெட். ‘டபுள் ஆர் ட்வின்’னு போட்டிருக்கற ரூம எடுத்தீங்கன்னா போய் இறங்கினதும் ரெண்டு தனிக் கட்டில் கிடைக்க சான்ஸ் இருக்கு, ஒட்டிப் போட்டு நடுவுல பள்ளமா. ‘கிங் பெட்’னு தெளிவா எழுதியிருக்கற ரூம் டைப் மட்டும் எடுங்க. சைஸ் இருபது சதுர மீட்டருக்கு கீழன்னா ரெண்டு பெரிய பெட்டிய விரிச்சு வெக்க எடம் இருக்காது, கல்யாணப் புடவையோட வர்ற பெட்டி வேற, இருபத்தஞ்சுக்கு மேல பாருங்க. ஜன்னல் இருக்கான்னும் பாக்கணும், சிரிக்காதீங்க, சல்லிசான ரூம்ல ஜன்னல் இல்லாமயும் இருக்கு, திறந்தா பக்கத்து பில்டிங் சுவரும் இருக்கு. அதே நேரம் ‘சிட்டி வியூ’, ‘ஸ்கை வியூ’ன்னு ஆயிரம் ரெண்டாயிரம் சேத்து கேட்டா இந்த சீசன்ல யோசிங்க, நீங்க போற நேரம் ஊர் சொகமா இருக்கும் வெயில் கம்மி, ஆனா அந்த மாசங்கள்ல தான் பாங்காக்ல புகை மூட்டமும் ஜாஸ்தி, முப்பதாவது மாடில இருந்து பாத்தா சாம்பல் கலர்ல ஒரு திரை தான் தெரியற நாளும் உண்டு. இன்னொண்ணு, அந்த சமயத்துல சீனப் புத்தாண்டு வருதான்னு காலண்டர்ல பாத்துக்குங்க, அந்த வாரம்னா ரேட் ஏறும், சீக்கிரம் போட்டுடுங்க.

காலைல ஆறு மணிக்கு இறங்கறீங்கள்ல, இங்க தான் புது ஜோடிங்க மாட்டுவாங்க. இமிகிரேஷன் முடிச்சு ஹோட்டல் போய் சேர எட்டரை ஆயிடும், ரூம் கொடுக்கறதோ மதியம் ரெண்டு மணி, சில இடத்துல மூணு. கல்யாண அலுப்பு, ராத்திரி தூக்கமில்ல, கைல மருதாணியோட லாபி சோஃபால அஞ்சு மணி நேரம் உக்காந்திருக்கறது தான் பாக்கவே பாவமா இருக்கும். என்னக் கேட்டா இறங்கறதுக்கு முந்தின நாள் நைட்டையும் சேத்து புக் பண்ணிடுங்க, அஞ்சு நைட்டா. போட்டுட்டு ஹோட்டலுக்கு மெயில்ல ‘நாங்க மறுநாள் காலைல எட்டரை மணிக்கு தான் வருவோம், ரூம கேன்சல் பண்ணிடாதீங்க’ன்னு கண்டிப்பா எழுதணும், இல்லன்னா ராத்திரி நீங்க வரலன்னு நோ ஷோ போட்டு மொத்த புக்கிங்கையும் தூக்கிடுவாங்க. அவ்வளவு செலவு வேணாம்னா காசு கட்டி சீக்கிரம் செக் இன் தர முடியுமான்னு கேளுங்க, அரை நாள் வாடகை கேக்கலாம், அதுவும் லாபம் தான்.

இந்த மெயில்லயே இன்னும் நாலு விஷயம் சேத்து எழுதிடுங்க: ஹனிமூன்ல வர்றோம், கிங் பெட் வேணும், லிஃப்ட்ட விட்டு தள்ளி மேல் மாடி வேணும், கனெக்டிங் கதவு இல்லாத ரூம் வேணும். கடைசி தான் முக்கியம், பக்கத்து ரூமுக்கு நடுவுல கதவு இருக்கற ரூம்னா அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும், அப்ப இந்தப் பக்கம் பேசறதும் அந்தப் பக்கம் கேக்கும். ஹனிமூன்னு சொன்னா கட்டில்ல பூ, டவல்ல அன்னம், ஒரு சின்ன கேக் இதெல்லாம் நெறைய ஹோட்டல்ல சும்மாவே பண்ணுவாங்க, அதுக்குன்னு ‘ஹனிமூன் பேக்கேஜ்’ வாங்கி தனியா காசு கொடுக்காதீங்க.

காசு விஷயம். தாய்லாந்து காசுக்கு பேரு பாட், கணக்கு பாக்க ஒரு பாட்டுக்கு மூணு ரூபான்னு வெச்சுக்குங்க, அப்ப உங்க ஏழாயிரம்ங்கறது 2300 பாட் சொச்சம். ரேட் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், அதையும் சேத்து அதுக்கு மேல வரி ஏழு சதவீதம், ஆக மொத்தம் 17.7 ஏறும். 2000 பாட் ரூம் 2354 ஆயிடும். அதனால கடைசி பேமெண்ட் ஸ்கிரீன்ல வர்ற தொகைய வெச்சு தான் ஹோட்டல கம்பேர் பண்ணணும். செக் இன்ல டெபாசிட் வேற கேப்பாங்க, கிரெடிட் கார்டு இருந்தா அதுல பிளாக் பண்ண சொல்லுங்க, டெபிட் கார்டுன்னா பணம் உண்மையிலேயே கணக்குல இருந்து போய் திரும்ப வர நாளாகும், அதுக்கு பாட்டாவே கொடுத்து ரசீது வாங்கிடலாம். கார்டுல வெளிநாட்டு உபயோகம் ஆன் பண்ணியிருக்கான்னு பேங்க் ஆப்ல பாருங்க, நம்ம ஊர்ல கார்டு வரும்போது அது ஆஃப்ல தான் வரும்.

மேரேஜ் சர்டிஃபிகேட் எல்லாம் அங்க எந்த ஹோட்டல்லயும் கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. பாஸ்போர்ட் ரெண்டு பேரோடதும் வேணும், புக்கிங்ல ரெண்டு பேர் பேரும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும், அவங்க பாஸ்போர்ட்ல அப்பா பேரு தான் இருந்தா அப்படியே போடுங்க, ஆசப்பட்டு உங்க பேர சேத்துடாதீங்க. தாய்லாந்துக்குள்ள போக 2025 மே மாசத்துல இருந்து டிஜிட்டல் அரைவல் கார்டு ஒண்ணு ஆன்லைன்ல நிரப்பணும், இறங்கறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள, அதுல ஹோட்டல் அட்ரஸ் கேக்கும், அது இலவசம், காசு கேக்கற வெப்சைட்டுன்னா அது கவர்மெண்ட்டோடது இல்ல.

ஆத்தங்கரை ஹோட்டல்ல தங்கணும்னு ஆச இருந்தா நாலு நாளும் வேணாம், கட்டுப்படியாகாது. பாதில ஹோட்டல் மாத்தறத பொதுவா நான் ஒத்துக்க மாட்டேன், மூட்ட கட்டி அவுக்கறதுலயே அரை நாள் போயிடும். ஆனா சுரசாக் பக்கத்துல இருந்து ஆத்தங்கரை ஒரே ஸ்டேஷன், பெட்டியோட கார்ல போனாலும் கிட்ட தான், அதனால மத்த நைட்ட ஐயாயிரம் ஆறாயிரத்துல முடிச்சு மிச்சம் பண்ணி கடைசி நைட் மட்டும் ரிவர் வியூ ரூம் எடுக்கலாம். எடுத்தா ‘பார்ஷியல் ரிவர் வியூ’ எடுக்காதீங்க, பால்கனில கழுத்த நீட்டி எட்டிப் பாக்கற மாதிரி இருக்கும்.

போட்டதுக்கு அப்புறம் ஒண்ணு பண்ணுங்க, ரிவ்யூவ புதுசு மொதல்ல வர்ற மாதிரி மாத்தி, கடைசி ரெண்டு மாசத்து ரிவ்யூல கட்டட வேலை, சத்தம், ஏசி, மூட்டப்பூச்சி இதெல்லாம் தேடிப் பாருங்க, எதாவது சிக்குச்சுன்னா மாத்த வசதியா, போடும்போதே ஃப்ரீ கேன்சலேஷன் ரேட்டா எடுங்க, முந்நூறு நானூறு ரூபா ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல. அப்புறம் டிக்கெட்ல இறங்கற ஏர்போர்ட் எதுன்னு பாத்தீங்களா? சுவர்ணபூமி ஒண்ணு, டான் முவாங் ஒண்ணு, ரெண்டும் ஊரோட வேற வேற மூலை. சுவர்ணபூமின்னா ரயில் இருக்கு, ஆனா ரெண்டு பெட்டியோட வண்டி மாறி மாறி போக வேணாம், கீழ் தளத்துல டாக்சி மெஷின்ல சீட்டு எடுத்துட்டு மீட்டர் டாக்சில போங்க, மீட்டருக்கு மேல அம்பது பாட்டும் டோலும் வரும். ஹோட்டல் பேரையும் அட்ரஸையும் தாய் எழுத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து போன்ல வெச்சுக்குங்க, டிரைவர்கிட்ட அத காட்டிட்டீங்கன்னா போதும்.