முதலுதவி தெரிந்த சாதாரண ஆள் ஒருவர் உயிரைக் காப்பாற்றியதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். 2018-ல், வைகாசி தொடக்கத்தில், பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில். படித்துறையில் இடுப்பளவுதான் தண்ணீர். ஆனால் நாலு எட்டு தள்ளி, மணல் அள்ளிப்போன பள்ளம் ஒன்று உண்டு. கசம் என்போம். மேலே தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கும், கால் வைத்தால் ஆளை விழுங்கிவிடும். லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வந்திருந்த ஒன்பது வயதுப் பையன் அதில் இறங்கிவிட்டான். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் போட, இரண்டு பயல்கள் குதித்து முங்கித் தேடி அவனைத் தூக்கி வந்தார்கள். நான் அப்போது படியில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பையனைக் கல்லில் கிடத்தினார்கள். உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. காதுக்குள் மணல். அரைஞாண் கயிற்றில் பாசி சுற்றியிருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது, நெஞ்சில் அசைவே இல்லை.

எங்கள் பக்கம் இந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "தலகீழாத் தூக்குங்கல, தண்ணி வெளிய வந்துரும்" என்று சொல்லியே விட்டார். ஒருவன் பையனின் காலைப் பிடித்தும் விட்டான். அந்த ஒருவன் நான்தான்.

அப்போது பக்கத்துத் தெரு கண்டக்டர் அண்ணாச்சி ஈரத்துண்டோடு ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். "பாட்டையா, தண்ணி கெடக்கட்டும். இப்ப மூச்சுதான் உள்ள போணும். எல, நீ 108-க்குப் போன் போடு." பெரியவரை அவர் எதிர்த்துப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

பையனின் தாடையைத் தூக்கித் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். ஊத ஊதச் சின்ன நெஞ்சு மேலே எழும்பியது. ஐந்து தரம் ஊதியும் பையன் அசையவில்லை. பிறகு நெஞ்சின் நடு எலும்பில் ஒரு உள்ளங்கையை ஊன்றி, எண்ணிக்கொண்டே அமுக்கினார். முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. சத்தமாக எண்ணினார், அதனால்தான் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. இத்தனை ஆழமாகவா அமுக்குவது, எலும்பு முறிந்துவிடாதா என்று பயந்தேன். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 வேகத்தில், நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிற மாதிரி அமுக்க வேண்டும் என்று பின்னால் கற்றுக்கொண்டேன்.

நாலாவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ, பையனின் தொண்டையில் 'களக்' என்று ஒரு சத்தம். சட்டென்று அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். தண்ணீரும் மத்தியானம் தின்ற சோறுமாகக் கக்கினான். அதைத் துண்டால் துடைத்து எடுத்தார். அதற்கப்புறம் ஒரு இருமல், அப்புறம் அழுகை. அந்த அழுகைக்கு ஏங்கி நின்ற கூட்டம் முழுக்க அழுதது.

ஆச்சி பையனை வாரி எடுத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அண்ணாச்சி அதற்கும் விடவில்லை. நுரையீரலில் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலாம், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆம்புலன்ஸில் ஏற்றி, தானும் ஈர வேட்டியோடு ஏறிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் கேட்டேன், எங்கே படித்தீர்கள் என்று. கண்டக்டர் லைசென்ஸ் எடுக்க முதலுதவிச் சான்றிதழ் வேண்டும் அல்லவா, அதற்கான வகுப்பில்தானாம். பலருக்கு அது ஃபைலில் வைக்கிற ஒரு தாள். இவர் அந்த வகுப்பை ஒழுங்காகக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். தலைகீழாகச் சுற்றினால் என்ன ஆகும் என்றும் அவரே சொன்னார். வெளியே வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் இன்னும் கேடு. மூச்சு நின்று நாலைந்து நிமிஷத்திலேயே மூளை கெடத் தொடங்கிவிடும், அந்த நிமிஷங்களைத்தான் நாம் சுற்றுவதில் தொலைக்கிறோம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பெரியப்பா.

1997-ல் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், கரண்ட் வருகிறவரைக்கும் பம்புசெட் ரூமில் தரையில் படுத்திருந்தார். விடியற்காலம் வயிற்று வலி என்று வீட்டுக்கு வந்தார். சூட்டு வலி என்று மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கியது, பேச்சு குழறியது. பிறகுதான் கணுக்காலில் இரண்டு புள்ளிகளைப் பார்த்தோம். கட்டுவிரியன். தூக்கத்தில் கடித்தால் பலருக்கு வலியே தெரியாது, வீக்கமும் இராது. கயிற்றால் இறுக்கிக் கட்டினோம், பிளேடால் கீறினோம். இரண்டும் செய்யக்கூடாதவை. காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல், விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோவது ஒன்றுதான் வழி. கட்டிக்கொண்டும் கீறிக்கொண்டும் ஒரு மணி நேரத்தை விட்டோம்.

கார் சேரன்மகாதேவி தாண்டும்போது அவருக்கு மூச்சு நின்றது. "முடிஞ்சிட்டு" என்று யாரோ சொன்னார்கள். பாளையங்கோட்டைக்கு அரைமணி நேரப் பயணம்தான் பாக்கி. காரைத் திருப்பிவிட்டோம்.

கட்டுவிரியன் விஷம் இமை, நாக்கு என்று தொடங்கி, மூச்சு விடுகிற தசையையும் முடக்கிவிடும். மூச்சு நின்ற பிறகும் இதயம் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருக்கும். கண்டக்டர் அண்ணாச்சி ஊதியது போல யாராவது விடாமல் ஊதியிருந்தால், ஆஸ்பத்திரி வாசல் வரையாவது பெரியப்பாவைக் கொண்டுபோயிருக்கலாம். இருபத்தோரு வருஷம் கழித்து, ஒரு படித்துறையில்தான் எனக்கு இது தெரிந்தது. பெரியம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

நான் பயிற்சிக்குப் போனது இதற்காகத்தான். ஒரே நாள்தான். பொம்மையின் நெஞ்சை இரண்டு நிமிஷம் விடாமல் அமுக்கினாலே தோள் விட்டுப்போகும், அதனால் மாற்று ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லித்தந்தார்கள். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, கைக்குப் பழக வேண்டும்.

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொட்டால் போலீஸ் கேஸ் என்று இன்னமும் பயப்படுகிறார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. நல்லெண்ணத்தில் உதவியவர் மேல் வழக்கு வராது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. நாங்குநேரி நாலுவழிச் சாலையில் தினம் போகிறவர்கள் இதையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தலையணையை வைத்து எல்லோரும் பழகினோம். அம்மாவுக்கு எழுபது வயது, அமுக்க வலு கிடையாது. அவருக்கு வேறு வேலை கொடுத்தேன். படித்துறையில் அன்று 108-க்குப் பேசியபோது, இடம் சொல்லத் தெரியாமல் நான் திணறியது இன்னும் மறக்கவில்லை. எந்தப் படித்துறை, எப்படி வர வேண்டும் என்று அவர்கள் கேட்கக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது அம்மா அதைத் தடங்கலில்லாமல் சொல்வார்: "கல்லிடைக்குறிச்சியில இருந்து கெழக்க வாங்க, தண்ணி டேங்குக்கு எதுத்தாப்ல வடக்க திரும்புத சந்து. சந்து மொனையில எம் பேரன் நிப்பான்."