பயணத்தில் மேல்முதுகு வலி: கேள்விகளும் பதில்களும்

22 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை அளித்து வருகிறேன். நீண்ட பயணத்தில் மேல்முதுகு வலிக்கிறது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பஸ்ஸில் 3 மணி நேரம் தாண்டினால் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே எரிச்சலோடு வலிக்கிறது. இறங்கி நடந்தால் அரை மணியில் போய்விடுகிறது. எலும்புத் தேய்மானமாக இருக்குமோ, அக்கா?

பதில்: நடந்தால் போய்விடுகிறது என்று பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள், தம்பி. தேய்மானம் அரை மணியில் போகாது. மேல்முதுகில் இருக்கும் 12 முள்ளெலும்புகளோடும் விலா எலும்புகள் பூட்டியிருக்கின்றன. அதனால் அந்தப் பகுதி அதிகம் அசையாது. கழுத்திலும் இடுப்பிலும் வருவதுபோல் அங்கே வட்டு, அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், பிதுங்குவதும் குறைவு. வலிப்பது பெரும்பாலும் தசைதான்.

தோள்பட்டை எலும்பை முதுகுத்தண்டோடு இழுத்துப் பிடித்திருக்கும் தசைக்கு ராம்பாய்ட் என்று பெயர். நீங்கள் கூனி உட்காரும்போது தோள்கள் முன்னால் சரிகின்றன. தசை இழுபட்ட நிலையிலேயே மணிக்கணக்கில் தாங்கி நிற்கிறது. ஒரு செம்பு தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. ஐந்தாவது நிமிடத்தில் கை நடுங்கும். செம்பின் எடை கூடவில்லை, நேரம்தான் கூடியது.

கேள்வி: நான் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். அப்படியும் வலிக்கிறதே?

பதில்: விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதும் தசைக்கு வேலைதான். சாய்மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? சாயுங்கள். ஆனால் முதலில் இடுப்பைக் கவனியுங்கள். வலி மேலே இருந்தாலும் கோளாறு பெரும்பாலும் கீழேதான் தொடங்குகிறது.

என்னிடம் வந்த ஒருவரிடம், பஸ்ஸில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே இந்த நாற்காலியில் உட்காருங்கள் என்றேன். புட்டத்தை இருக்கையின் நடுவில் வைத்துப் பின்னால் சரிந்தார். இடுப்பெலும்பு பின்பக்கம் உருண்டது, கீழ்முதுகு வளைந்தது, அதன் மேலிருந்த முதுகு கூனியது, தலை மட்டும் முன்னால் நீண்டது. சட்டைப்பையில் இருந்த பேனா தொப்புளைப் பார்த்தது! புட்டத்தைச் சாய்மானம் தொடும்வரை பின்னால் தள்ளச் சொல்லி, ஒரு கைத்துண்டைச் சுருட்டி இடுப்புக் குழியில் வைத்தேன். தோளைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவை தானாகப் பின்னால் போய்விட்டன.

அதற்காக அதுதான் ‘சரியான நிலை’ என்று நினைத்து 8 மணி நேரம் சிலையாக இருந்துவிடாதீர்கள். எந்த நிலையும் நெடுநேரம் நீடித்தால் வலிக்கும். 20, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எதையாவது மாற்றுங்கள். காலை நீட்டலாம், சாய்மானத்தை ஏற்றி இறக்கலாம், கொஞ்ச நேரம் கூனிக்கூட இருக்கலாம். பாவமில்லை.

கேள்வி: பயணம் முழுக்க போனில்தான் இருக்கிறேன். இதற்கும் வலிக்கும் தொடர்பு உண்டா, மேடம்?

பதில்: உண்டு. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் 2014இல் ஒரு கணக்குப் போட்டார். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் ஏறத்தாழ 27 கிலோ பாரம் விழுகிறது என்றது அது. கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, ஆகவே கிலோவைக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். தலை முன்னால் போகப் போகச் சுமை கூடும் என்பது மட்டும் நிச்சயம்.

மடியில் பையை வைத்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றிப் போனை உயர்த்திப் பிடியுங்கள். ஊருக்கு உபதேசம் செய்யும் நானே ஒருமுறை ரயிலில் 6 மணி நேரம் குனிந்து படித்துவிட்டு, இறங்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினேன். வழியனுப்பியவர்களுக்கு இன்றும் சொல்லவில்லை.

கேள்வி: கழுத்துத் தலையணை வாங்கலாமா?

பதில்: பின்பக்கம் தடிமனாக இருப்பதை வாங்காதீர்கள். அது தலையை முன்னால் தள்ளும். கேட்டு வாங்கிய வலியாகிவிடும். பின்னால் மெல்லியதாகவும் இரு பக்கமும் தாங்குவதாகவும் இருந்தால் தூங்கும்போது தலை சரியாமல் இருக்கும். ஏற்கெனவே தடித்ததை வாங்கிவிட்டீர்களா? திறப்பைப் பின்னால் திருப்பித் தாடைக்குக் கீழே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் கார் ஓட்டுகிறேன். வலது தோள்பட்டைக்குக் கீழே மட்டும் முடிச்சுப் போட்டதுபோல் இருக்கிறது.

பதில்: ஸ்டியரிங் எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தோள் சாய்மானத்தை விட்டு விலகாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். படியவில்லையென்றால் இருக்கையை முன்னால் இழுங்கள். ஒரே கையால், அதுவும் உச்சியைப் பிடித்து ஓட்டும் பழக்கம் இருந்தால் விடுங்கள். ஒரு சின்னத் தந்திரம்: நன்றாக உட்கார்ந்த நிலையில் பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் சரியத் தொடங்கினால் கண்ணாடியில் சாலை பாதியாகிவிடும். கண்ணாடியை மாற்றாமல் உங்களை நிமிர்த்துங்கள்.

கேள்வி: கைகளை முன்னால் கோத்து முதுகை வளைத்து நீட்டினால் சுகமாக இருக்கிறது. ஆனால் 10 நிமிடத்தில் வலி திரும்பிவிடுகிறது.

பதில்: இழுபட்டுக் கிடக்கும் தசையை மேலும் இழுக்கிறீர்கள். எதிர்த்திசையில் செய்யுங்கள். இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்து 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. பிறகு கைகளைப் பிடரியில் கோத்து, சாய்மானத்தின் மேல்விளிம்பில் முதுகைப் பதித்து மெல்லப் பின்னால் வளையுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை பார்ப்பார், பிறகு அவரும் செய்வார்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஒரு வாரமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினால் மேல்முதுகு இறுகுகிறது, வியர்க்கிறது. நின்றால் சரியாகிறது. என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: எந்தப் பயிற்சியும் வேண்டாம். இன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். உழைத்தால் வந்து, நின்றால் போகும் இறுக்கம் இதயத்திலிருந்து வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இதயக் கோளாறு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். ஓய்வாக இருக்கும்போது வந்தாலோ, விடாமல் நீடித்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மற்றவர்களும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் பயணத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது முதுகிலோ நெஞ்சிலோ குத்தி, மூச்சும் வாங்கினால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, இரவில் தூங்கவிடாத வலி ஆகியவற்றுக்கும் துண்டு மருந்தாகாது.

கேள்வி: கிளம்பும் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அசையச் சொல்லும் மணியின் வாயை அடைப்பது போன்றது அது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தொடவே கூடாது.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான், அக்கா. நேற்று துண்டு வைத்துப் போனேன். மேல்முதுகு பரவாயில்லை, இப்போது இடுப்பு வலிக்கிறது!

பதில்: என்ன துண்டு வைத்தீர்கள்? குளிக்கும் துண்டா? அவிழ்த்து, பாதித் தடிமனாகச் சுருட்டுங்கள். உள்ளங்கை நுழையும் இடைவெளியை நிரப்பினால் போதும்.