கேமரா கேள்வி பதில்: கோயிலுக்குள் படம் ஏன் கலங்குகிறது?

கேள்வி: என்னிடம் இருப்பது விலை குறைந்த சின்ன டிஜிட்டல் கேமரா. தைப்பூசக் காவடியன்று கோயிலுக்குள் எடுத்த படங்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஃபிளாஷை அணைத்தால் படம் கலங்குகிறது. கேமரா பழுதா?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: பழுதில்லை, கவலை வேண்டாம். சின்ன கேமராவில் ஃபிளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால், முன்னால் மிதக்கும் கற்பூரப் புகையும் தூசும் வெளிச்சத்தை நேரே திருப்பி அனுப்புகின்றன. அவைதான் அந்தப் புள்ளிகள். தவிர, இந்த ஃபிளாஷ் 3 மீட்டரைத் தாண்டினால் எடுபடாது. கருவறை இருட்டாகத்தான் விழும்.

அதனால் அணைப்பதே சரி. அப்போது ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) 1/8 விநாடி வரை திறந்திருக்கும், கை நடுக்கம் படத்தில் ஏறிவிடும். ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 800-இல் வையுங்கள். 1600 போனால் சின்ன சென்சாரில் (படத்தைப் பதிக்கும் சில்லு) எடுத்த படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கரகரப்பு தெரியும். ஜூம் செய்யவே செய்யாதீர்கள். ஜூம் நீள நீள லென்ஸின் துளை சுருங்கி, உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக்கூடக் குறையும். நெருங்கிப் போய், தூணில் கேமராவை அழுத்திப் பிடித்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். பொத்தானை அழுத்தும் அசைவும் இருக்காது.

ஆடிவரும் காவடிக்கு இது உதவாது. அதை வெளியே, பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.