சுவர்க்கோழி கத்துற ஸ்பீடுல எத்தனை டிகிரி?

கேள்வி: சார், எங்க வீட்டு பாத்ரூம்ல ஒரு சுவர்க்கோழி குடியிருக்கு. மார்கழியில "க்ரீ... க்ரீ..."ன்னு இழுத்து இழுத்து கத்துச்சு. இப்ப சித்திரையில மூச்சே விடாம "க்ரீக்ரீக்ரீ"ன்னு அடிக்குது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா உனக்கு வேற வேலையே இல்லையான்னு கேக்குறார். எனக்குத்தான் பிரமையா?
- வாசகி, ஈரோடு

பதில்: பிரமையெல்லாம் இல்லம்மா, உங்க காது ரொம்ப சரியா இருக்கு. முதல்ல வீட்டுக்காரரை பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வைங்க. ஒரே ஒரு திருத்தம், மார்கழியில கத்துனவர் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார், பெருசாகி றெக்கை முளைச்ச பிறகு சுவர்க்கோழிக்கு ஆயுசு சில வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு மூணு மாசம்தான். இப்ப கத்துறது வாரிசு.

விஷயம் என்னன்னா நம்ம உடம்பு வெளியில வெயிலோ பனியோ 37 டிகிரியிலயே நிக்கும், பூச்சிக்கு அந்த வசதி கிடையாது, சுத்தி இருக்குற காத்து என்ன சூடோ அதோட உடம்பும் கிட்டத்தட்ட அதே சூடுதான். சுவர்க்கோழி வாயால கத்தல, முன்னங்றெக்கை ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு உரசுது, ஒரு றெக்கையோட அடியில ரம்பப் பல்லு மாதிரி ஒரு வரிசை இருக்கும், இன்னொரு றெக்கையோட ஓரம் அதுமேல சர்ருன்னு ஓடும், அதான் அந்தச் சத்தம். றெக்கையை ஆட்டுறது தசை, தசைக்கு உள்ள நடக்குறது கெமிஸ்ட்ரி, சூடு ஏறுனா கெமிஸ்ட்ரி வேகமா நடக்கும், தோசை மாவு சித்திரையில சீக்கிரம் பொங்குறதில்லையா, அதே கதைதான். குளிர்ல தசை மெதுவாகுது, பாட்டும் இழுக்குது.

இதை கணக்காவே போட்டுட்டாங்க. அமோஸ் டால்பியர்னு அமெரிக்காவுல டஃப்ட்ஸ் காலேஜ்ல ஒரு பிசிக்ஸ் வாத்தியார், டெலிபோன் பேடன்ட் சண்டையில பெல் கம்பெனிகிட்ட சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1888-ல தோத்தவர். அவர் 1897-ல ஒரு குட்டிக் கட்டுரை எழுதுனார், சுவர்க்கோழியே ஒரு தெர்மாமீட்டர்னு. 60 டிகிரி ஃபாரன்ஹீட்ல நிமிஷத்துக்கு 80 தடவை, 70-ல 120 தடவை, அதாவது ஒரு டிகிரி ஏறுனா நாலு கத்தல் கூடுது. 50 டிகிரிக்குக் கீழ போனா பாட ஜீவன் இருக்காதாம். இதை சுருக்கி, 15 செகண்ட் எண்ணி அதோட 40 கூட்டுனா ஃபாரன்ஹீட்ல வெப்பம் வந்துடும். நமக்கு செல்சியஸ்தானே பழக்கம், 8 செகண்ட் எண்ணி 5 கூட்டுங்க, கிட்டத்தட்ட சரியா வரும். அவருக்கு முன்னாடி 1881-லயே மார்கரெட் புரூக்ஸ்னு ஒரு அம்மா இதைப் பத்தி எழுதியிருந்தாங்க, ஆனா பேரு என்னவோ "டால்பியர் விதி"ன்னுதான் நிலைச்சுது. எங்கயும் இதே கூத்துதான்.

கேள்வி: நான் ஒன்பதாவது படிக்கிறேன். சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு இந்த சுவர்க்கோழி ஃபார்முலாவை செஞ்சு காட்டலாம்னு இருக்கேன். நம்ம ஊர்லயும் வேலை செய்யுமா அங்கிள்?
- மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேலை செய்யும் கண்ணு, ஆனா அந்த நம்பர் அப்படியே வேலை செய்யாது. டால்பியர் எந்தப் பூச்சின்னு எழுதாம விட்டுட்டார், அது அந்த ஊர் மரங்கள்ல இருக்குற வெளிர் பச்சை கலர் மரச் சுவர்க்கோழியா இருக்கும்னு பின்னாடி வந்தவங்கதான் சொன்னாங்க. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு தாளம். நம்ம வீட்டு மூலையில கத்துறதுக்கு 40-ஐ கூட்டுனா கோபியில பனி பெய்யுதுன்னு கூட விடை வரலாம். இன்னொண்ணு, அவரோட பூச்சிக் கணக்குப்படி 28 டிகிரி இருக்குற ஒரு மே மாச ராத்திரிக்கு நிமிஷத்துக்கு 170 கத்தல், செகண்டுக்கு மூணு. விரல் விட்டு எண்ண முடியுமா சொல்லு.

நான் ஒரு தடவை மொட்டை மாடியில உக்காந்து முயற்சி பண்ணேன். எண்ணிட்டே இருக்கும்போது தாளம் தப்பிடும், திரும்ப ஆரம்பிச்சா அது நிறுத்திடும், நாம ஒரு அடி வெச்சாலே தரை அதிர்றது அதுக்குத் தெரிஞ்சுடுது. அப்புறம் போனை தரையில வெச்சு ரெக்கார்ட் பண்ணி, பாதி ஸ்பீடுல ஓட விட்டு எண்ணுனேன். தொட்டிக்கு அடியில இருந்த ஒண்ணு ராத்திரி 9 மணிக்கு 15 செகண்டுல 41, விடிகாலை 4 மணிக்கு 36. அட நல்லா வருதேன்னு பாத்தா, பக்கத்துலயே இன்னொண்ணு அதே 4 மணிக்கு 44 அடிச்சுது, எனக்கு ஒண்ணும் புரியல. டார்ச் அடிச்சுப் பாத்தா அந்த மகராசன் பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி, அந்த அனல் காத்துல உக்காந்திருக்கான். அவன் சொன்னது தப்பில்ல, ஊரு வெப்பத்தை சொல்லல, அவன் உக்காந்த இடத்தோட வெப்பத்தை சொல்லியிருக்கான்.

அதனால நீ என்ன பண்ணு, ஃபார்முலாவை காப்பி அடிக்காத, நீயே ஒண்ணு தயார் பண்ணு. ஒரே இடத்துல கத்துற ஒரே பூச்சியைப் பிடிச்சுக்கோ (கையால இல்ல, காதால), பக்கத்துலயே ஒரு தெர்மாமீட்டர் வெச்சுடு, பத்து நாள் வேற வேற நேரத்துல 15 செகண்ட் ரெக்கார்ட் பண்ணி எண்ணு, கிராஃப் ஷீட்டுல புள்ளி வை. ஓரளவு நேர்கோடா வரும். சில புள்ளி விலகிப் போகும், வயசு, பசி, பக்கத்துல போட்டிக்கு இன்னொரு ஆண் இருக்குறது எல்லாமே தாளத்தை மாத்தும், அந்தப் புள்ளியை அழிச்சுடாத, ஜட்ஜ் கேக்குறதே அதைத்தான். தனியா ஒண்ணு கத்துறதை விட ராத்திரியில கூட்டமா சேர்ந்து கத்தும்போதுதான் தாளம் ஒழுங்கா இருக்குன்னு டால்பியரும் எழுதியிருக்கார்.

ஜட்ஜ் அசர்றதுக்கு இன்னொரு விஷயம் சொல்றேன். கத்துறது ஆண் மட்டும்தான், பொண்ணு முன்னங்கால்ல இருக்குற காதால கேட்டு தேடி வரும். சூடு மாறுனா பாட்டு ஸ்பீடே மாறிடுதே, அப்ப நம்ம ஜாதிப் பையன்தான்னு பொண்ணுக்கு எப்படித் தெரியும்? மரச் சுவர்க்கோழியை வெச்சு சோதிச்சுப் பாத்துட்டாங்க, பொண்ணு எந்த சூட்டுல இருக்கோ அந்த சூட்டுக்கான ஸ்பீடுல வர்ற பாட்டுக்குத்தான் நகருது. குளிர்ல இருக்குற பொண்ணுக்கு சூடான பையன் பாட்டு வேற பாஷை.

கேள்வி: குற்றால மலையில சில்வண்டு காதைப் பொளக்குற மாதிரி கத்துனா மழை வரப்போகுதுன்னு எங்க ஆச்சி சொல்லுவா. உண்மையா அண்ணாச்சி?
- வாசகர், தென்காசி

பதில்: ஆச்சி சொன்னதை பொய்னு சொல்ல எனக்கு தைரியம் கிடையாது. ஆனா அது ஜோசியம் இல்ல, காலண்டர். சில்வண்டு மண்ணுக்குள்ள வேர்ச் சாறைக் குடிச்சுக்கிட்டு வருஷக்கணக்குல கிடந்துட்டு, கடைசியா வெளிய வந்து தோலை உரிச்சுப் போட்டுட்டு மரத்துல ஏறி கத்தும் (மரப்பட்டையில காஞ்ச கூடு ஒட்டிட்டு இருக்குமே, சின்ன வயசுல சட்டையில மாட்டி விளையாடியிருப்பீங்க). அந்தப் பக்கம் மலையில அது பெருசா கத்துறது கோடையில. ஜூன் தொடக்கத்துல கேரளாவுல தென்மேற்குப் பருவமழை இறங்குது, சாரல் உங்க பக்கம் வருது. முன்னாடி சத்தம், பின்னாடி மழை, வருஷா வருஷம் அதே வரிசை, ஆச்சி ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. அதே சத்தத்தை வெச்சு நேர் எதிரா சொன்னவங்களும் இருக்காங்க, பதிற்றுப்பத்துல 23-ஆம் பாட்டுல நிலமே காஞ்சு போன பெரிய பஞ்சத்தைச் சொல்லும்போது, இலையில்லாத உன்ன மரத்துல சிதடி (அதாங்க நம்ம சில்வண்டு) உக்காந்து கத்துதுன்னுதான் வருது. அங்க அது வறட்சியோட சத்தம்.

சில்வண்டு றெக்கையை உரசுறதில்ல. வயித்தோட ரெண்டு பக்கமும் வரி வரியா ஒரு சவ்வு, தகர டப்பா மூடியை அமுக்கி விட்டா "டக்"னு சத்தம் வருமே, அதை செகண்டுக்கு நூத்துக்கணக்குல செய்யுது, உள்ள வயிறு காலியா இருக்குறதால குடம் மாதிரி சத்தம் பெருகுது.

இதுங்க வெளிய வர்ற நேரத்துக்கும் சூட்டுக்கும் தொடர்பு இருக்குறது நிஜம். அமெரிக்காவுல 13 வருஷம், 17 வருஷம் மண்ணுக்குள்ள இருக்குற ரகம் உண்டு, ஒரு சாண் ஆழத்துல மண்ணு சுமார் 18 டிகிரியைத் தொட்டாத்தான் கிளம்பும். ஜப்பான்ல வானிலை ஆபீஸே 1953-லேர்ந்து இந்த வருஷம் முதல் சில்வண்டு என்னைக்கு கத்துச்சுன்னு நோட்டு போட்டு எழுதிட்டு இருந்தாங்க. சிட்டியில பூச்சி கிடைக்கிறதே கஷ்டமாயிடுச்சுன்னு 2021-ல பூச்சி, பறவை எல்லாத்தையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு ஆறு வகைச் செடி மரத்தை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. எனக்கு அதைப் படிச்சப்ப என்னவோ போல இருந்துச்சு.

கேள்வி: கொசு சத்தத்துல வெப்பம் தெரியுமா? (சீரியஸாத்தான் கேக்குறேன்)
- வாசகர், சென்னை

பதில்: தெரியும். சூடு கூடுனா கொசு றெக்கையை வேகமா அடிக்கும், "ஙொய்" கொஞ்சம் மேல் ஸ்தாயிக்குப் போகும். ஆனா அந்த நேரத்துல ஸ்தாயியை கவனிக்கிறவன் மனுஷனே இல்ல.

கேள்வி: சில நாள் ராத்திரி எங்கயோ தூரத்து வயல்ல கத்துற பூச்சி காதுக்குப் பக்கத்துல கத்துற மாதிரி கேக்குது, சில நாள் ஒண்ணுமே கேக்குறதில்ல. இதுக்கும் வானிலைக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இதுலதான் பூச்சி சும்மா இருக்கு, வேலை செய்யுறது காத்து. மேகமே இல்லாம, காத்தும் அடிக்காத ராத்திரியில தரை சீக்கிரம் சூட்டை விட்டுடும், தரையை ஒட்டின காத்து குளிர்ந்துடும், மேல இருக்குற காத்து அதை விட சூடா இருக்கும். சூடான காத்துல சத்தம் வேகமா போகும், அதனால மேல போற சத்தம் வளைஞ்சு திரும்ப கீழயே வந்துடுது, ரொம்ப தூரத்துக்குக் கேக்குது, ரயில் சத்தமும் அப்படித்தான். பகல்ல தரை கொதிக்கிறதால சத்தம் மேல வளைஞ்சு போயிடும். ஸோ தூரத்து வயல் தெளிவா கேட்டா வானம் வெறிச்சுன்னு இருக்கு, காத்து அசையலன்னு தைரியமா சொல்லலாம். வடாம் போட மாவு கரைச்சு வைங்க.

கேள்வி: இரைச்சலா இருந்த சில்வண்டு திடீர்னு ஒரேயடியா நிக்குதே, ஏன்?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: மேகம் மூடியிருக்கும், இல்ல முதல் தூறல் விழுந்திருக்கும், இல்ல நீங்க மரத்துக்குப் பக்கத்துல போயிருப்பீங்க. மூணாவதா இருந்தா நாலடி பின்னாடி வந்து நில்லுங்க, திரும்ப ஆரம்பிக்கும். ஆரம்பிக்கலன்னா குடையை எடுங்க.